பக்கத்துச் சொற்களும் தண்டனைச் சட்டமும்

ஒரு தகப்பன் தன் குழந்தையோடு நெடுஞ்சாலையில் போகிறான். எதிரே வந்தவன் குழந்தையைப் பறித்துக்கொண்டு, பணப்பையைத் தராவிட்டால் பள்ளத்தில் வீசிவிடுவேன் என்கிறான். தகப்பன் பையைக் கொடுத்துவிடுகிறான். இன்னொரு தகப்பனிடம் ஒருவன் வந்து, உன் பிள்ளை எங்கள் கூட்டத்தார் கையில் இருக்கிறது, பத்தாயிரம் ரூபாய் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்கிறான். இவனும் கொடுத்துவிடுகிறான். இரண்டிலும் பணம் பறிபோனது பயத்தால். இரண்டு பயமும் பிள்ளையின் உயிரைப் பற்றியவை. ஆனால் முதலாவது ‘ராபரி’, இரண்டாவது ‘எக்ஸ்டார்ஷன்’ என்கிறது 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி). அதன் 390ஆம் பிரிவுக்குக் கீழே இந்த இரண்டு உதாரணங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன.

எதை வைத்துப் பிரிக்கிறது? முதல் பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது. ஆபத்து அந்த நொடியிலேயே நேரக்கூடியது. இரண்டாவது பிள்ளை எங்கோ இருக்கிறது. மிரட்டலுக்கும் ஆபத்துக்கும் நடுவே கொஞ்சம் நேரம் இருக்கிறது. அந்த நேரம்தான் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் சுவர். இரண்டாவது தகப்பனும் அந்த நொடியிலேயே பிள்ளை செத்துவிடும் என்று அஞ்சியிருந்தால் அதுவும் ராபரியாகிவிடும் என்றும் சட்டம் மறக்காமல் சேர்த்திருக்கிறது.

ஆங்கிலத்தில் நெருங்கிய பொருளுள்ள சொற்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலானவை பள்ளி மாணவருக்கான பட்டியல்கள்: இந்தச் சொல்லை இங்கே போடு, அந்தச் சொல்லை அங்கே போடு. அவற்றைப் படித்தால், ஒவ்வொரு சொல்லும் பிறக்கும்போதே தனக்கென ஓர் எல்லையோடு பிறந்தது போலத் தோன்றும். உண்மை அப்படியில்லை. எல்லையை யாரோ, ஏதோ ஒரு தேவைக்காக, பிறகு போடுகிறார்கள். ஒரே ஆளின் கையால், ஒரே காரியத்துக்காக, நூற்றுக்கணக்கான எல்லைகள் போடப்பட்ட இடம் ஒன்று உண்டென்றால், அது மெக்காலே எழுதிய இந்தத் தண்டனைச் சட்டம்தான். அவர் போட்ட கோடுகளில் சில இன்றைக்கும் அசையாமல் நிற்கின்றன. சில போட்ட நாள் முதலே வழக்காடப்படுகின்றன. எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்பதே என் கேள்வி.

ஆங்கிலத்துக்கு இவ்வளவு பக்கத்துச் சொற்கள் சேர்ந்த கதை தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு உட்கார்ந்தது. குடிமக்கள் தங்கள் பழைய ஜெர்மானிய மொழியையே பேசினார்கள். தேவாலயமும் கல்விக்கூடமும் லத்தீனில் எழுதின. மூன்றும் கலந்தபோது ஒரே செயலுக்கு மூன்று சொற்கள் கிடைத்தன. கேட்பதற்கு ‘ஆஸ்க்’ பழைய நாட்டுச் சொல், ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது, ‘இன்டராகேட்’ லத்தீன். முதலாவதை வீட்டில் பேசலாம், இரண்டாவது கொஞ்சம் முறைப்பானது, மூன்றாவது போலீஸ் நிலையத்தில் நடப்பது. நாட்டுச் சொல்லில் நெருக்கமும் லத்தீன் சொல்லில் விறைப்பும் இருக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் இது சொல்லின் தொனியைச் சொல்கிறதே தவிர, பொருளின் எல்லையைச் சொல்லவில்லை.

நீதிமன்றத்தில் இந்த மூன்றடுக்கு ஒரு வேடிக்கையான விளைவை உண்டாக்கியது. 1362இல் வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனாலும் வக்கீல்கள் தங்கள் கலப்படப் பிரெஞ்சை விடவில்லை. நீதிமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்ற நிலை வர 1733 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், எந்தச் சொல் எதிராளிக்குப் புரியும், எந்தச் சொல் செல்லும் என்ற பயத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதும் பழக்கம் ஊன்றிவிட்டது. உயிலுக்கு ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’, பொருட்களுக்கு ‘குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’, தகுதிக்கு ‘ஃபிட் அண்ட் ப்ராப்பர்’. ஜோடியில் ஒன்று நாட்டுச் சொல், மற்றது பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்தது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் கிடையாது. இருந்துவிடுமோ என்ற சந்தேகம் மட்டும்தான். நம் ஊர் பத்திரங்களில் ‘சர்வ சுதந்திர பாத்தியமாய்’ என்று சொற்களை அடுக்கும் வழக்கமும் இதே பயத்தின் பிள்ளை.

சட்டத்துக்கு வெளியே, வித்தியாசத்தைத் தேடி வகுத்துச் சொல்லும் முயற்சி பிரான்சில் முதலில் வலுத்தது. 1718இல் அபே ஜிரார் பிரெஞ்சு மொழியின் பக்கத்துச் சொற்களைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சன் தம் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையில், முற்றிலும் ஒரே பொருளுடைய சொற்கள் அரிது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அகராதிக்குள் போனால் ஒரு சொல்லுக்குப் பக்கத்துச் சொல்லைத்தான் பொருளாகத் தந்தார். வேறு வழி அவருக்கும் இல்லை. அவருடைய நண்பர் ஹெஸ்டர் பியோஸி 1794இல் பக்கத்துச் சொற்களுக்கென்றே ஒரு நூல் கொண்டுவந்தார். 1816இல் ஜார்ஜ் கிராப் வேர்ச்சொல்லைக் காட்டி வித்தியாசத்தை விளக்கும் பெரிய நூலை எழுதினார். வேர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்கு உரியது. அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதைப் பின்னால் ‘மர்டர்’ என்ற சொல்லில் பார்க்கலாம்.

மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உதகமண்டலத்தில் இருந்தார்; அவரைப் பார்க்கப் பல்லக்கில் மலையேறி, சில வாரங்கள் அங்கேயே தங்கிவிட்டுத்தான் கல்கத்தா போனார். சட்டக் குழுவில் அவரோடு மூன்று பேர் இருந்தார்கள் என்றாலும், வரைவின் பெரும்பகுதி அவர் கையெழுத்து. 1837இல் முடிந்த வரைவு இருபது வருடங்களுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. பார்ன்ஸ் பீகாக் அதைத் திருத்தி, 1860இல் 45ஆம் எண் சட்டமாக நிறைவேற்றினார். 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. மெக்காலே 1859 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். கல்வி விஷயத்தில் அவர் சொன்னதும் செய்ததும் நமக்கு ஆறாத கோபம் தருபவை; அந்தக் கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இந்தச் சட்டத்தின் மொழியைப் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் செய்த புதுமை, ஒவ்வொரு வரையறைக்கும் கீழே சின்னச் சின்னக் காட்சிகளை வைத்தது. ‘ஏ’ ஒன்று செய்கிறான், ‘இசட்’ பாதிக்கப்படுகிறான். இது உதாரணம் மட்டுமல்ல, சட்டத்தின் பகுதியே. திருட்டைச் சொல்லும் 378ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறையப் பொக்கிஷத்தைச் சுமந்துகொண்டு ஒரு காளை வருகிறது. பொக்கிஷத்தைக் கவரும் எண்ணத்தோடு ‘ஏ’ அதை வேறு திசையில் ஓட்டுகிறான். காளை கால் எடுத்து வைத்த நொடியில் பொக்கிஷம் திருடப்பட்டுவிட்டது. பெட்டியைத் தொடக்கூட வேண்டாம். ‘நகர்த்துதல்’ என்ற ஒரு சொல்லின் எல்லையை இதைவிடத் துல்லியமாக ஒரு பக்க விளக்கத்தாலும் காட்ட முடியாது.

இன்னும் நேர்த்தியான ஜோடி ஒன்று அங்கேயே இருக்கிறது. ‘ஏ’ தன் கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கக் கடைக்காரரிடம் கொடுக்கிறான். கூலி பாக்கி எதுவும் இல்லை. பிறகு கடைக்குள் வெளிப்படையாகப் போய், கடைக்காரர் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறான். அத்துமீறல் இருக்கலாம், தாக்குதல் இருக்கலாம்; திருட்டு இல்லை. அதே கடிகாரம், அதே கடை, ஆனால் பழுது பார்த்த கூலி பாக்கி. கூலிக்கு ஈடாகக் கடைக்காரர் கடிகாரத்தை முறைப்படி நிறுத்தி வைத்திருக்கிறார். இப்போது ‘ஏ’ எடுத்தால் திருட்டு. தன் பொருளையே ஒருவன் திருட முடியும் என்பது சாதாரண ஆங்கிலப் பேச்சில் உளறல், சட்டத்தில் உண்மை. இந்தச் சட்டத்தில் ‘தெஃப்ட்’ என்பது சொந்தத்தைப் பற்றியதே அல்ல, கைவசத்தைப் பற்றியது. ஊருக்குப் போகிறவர் வெள்ளிப் பாத்திரங்களைக் கிடங்குக்காரரிடம் ஒப்படைக்கிறார்; கிடங்குக்காரர் விற்றுவிடுகிறார். பாத்திரம் அப்போது சொந்தக்காரர் கைவசம் இல்லை. ஆகவே அது திருட்டில்லை, நம்பிக்கை மோசடி.

இப்படிப் பொருள் பறிபோகும் வழிகளை வைத்தே குடும்பம் முழுவதும் பிரிகிறது. சம்மதமில்லாமல் எடுத்தால் ‘தெஃப்ட்’. பயமுறுத்தி, பறிகொடுப்பவரே தம் கையால் கொடுக்கும்படி செய்தால் ‘எக்ஸ்டார்ஷன்’. இரண்டில் ஏதாவது ஒன்றோடு அந்த நேரத்து வன்முறையோ வன்முறைப் பயமோ சேர்ந்தால் ‘ராபரி’. ராபரி செய்தவர்கள், உடன் நின்று உதவியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஐந்து பேர் ஆகிவிட்டால் ‘டகாய்டி’. நான்கு பேர் என்றால் அதிகபட்சம் பத்து வருடம், இரவில் நெடுஞ்சாலையில் என்றால் பதினான்கு. ஐந்தாவது ஆள் வந்து நின்றதும் ஆயுள் தண்டனை வரை போகலாம். டகாய்டி என்ற சொல்லே இந்திச் சொல். இங்கிலாந்துச் சட்டத்தில் அதற்குச் சமமான பெயர் இல்லை. இங்கிலாந்தில் நெடுங்காலம் தனிக்குற்றமாக இருந்த ‘பர்க்ளரி’க்கோ இந்திய சட்டத்தில் இடமில்லை. இரவில் குடியிருக்கும் வீட்டை உடைத்துப் புகுவதுதான் அங்கே பழைய பர்க்ளரி. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் இரவு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது. மெக்காலேயின் சட்டம் அந்தச் சொல்லைத் தொடாமல், வீடு உடைத்தல், இரவில் வீடு உடைத்தல் என்று நடந்ததை நடந்தபடியே பெயரிட்டது.

நம் நாளிதழ்களில் ‘பூட்டை உடைத்து 30 பவுன் நகை கொள்ளை’ என்று தலைப்பு வரும். வீட்டில் ஆளில்லை, யாரும் மிரட்டப்படவில்லை, ராபரியின் எந்த அடையாளமும் இல்லை. ஐபிசி காலத்தில் எஃப்ஐஆரைப் பார்த்தால் 457, 380 என்று இருக்கும்: இரவில் வீடு உடைத்துப் புகுந்தது, வீட்டுக்குள் திருடியது. நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். ‘திருட்டு’ என்றால் 30 பவுனின் கனம் தலைப்பில் இறங்காது. நாம் திருட்டையும் கொள்ளையையும் போனதன் அளவை வைத்துப் பிரிக்கிறோம். சட்டம் போன விதத்தை வைத்துப் பிரிக்கிறது. இதில் தமிழுக்கென்று தனிக்குறை எதுவுமில்லை. பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்து எல்லாம் போயிருப்பதைப் பார்க்கும் ஆங்கிலேயரும் தம்மை ‘ராப்’ செய்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்.

பேச்சு வழக்கைச் சட்டம் தலைகீழாகப் புரட்டிய இடங்களும் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஹர்ட்’ என்றால் மனம் புண்பட்டது என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். தமிழ் இளைஞர்களும் ‘ரொம்ப ஹர்ட் ஆயிட்டேன்’ என்கிறார்கள். ‘இன்ஜுரி’ என்றால் உடம்பில் பட்ட காயம், விளையாட்டு வீரருக்கு வருவது. தண்டனைச் சட்டத்தில் ஹர்ட் உடம்போடு நின்றுவிடுகிறது: உடல் வலி, நோய், உடல் தளர்ச்சி. இன்ஜுரிதான் மனம், மானம், சொத்து எல்லாவற்றையும் அளாவுகிறது. சட்டவிரோதமாக ஏற்படுத்திய எந்தத் தீங்கும் அதில் அடக்கம். கிராப் இருந்திருந்தால் இதில் மகிழ்ந்திருப்பார். ஹர்ட் பழைய பிரெஞ்சில் மோதுவதைக் குறித்தது. இன்ஜுரி லத்தீனில் நியாயமற்றது என்ற பொருளில் பிறந்தது. இந்த ஒரு இடத்தில் வேர் பேசுகிறது.

‘அசால்ட்’ இன்னொன்று. பேச்சில் அது அடி. சட்டத்தில், அடி விழும் என்று எதிராளி அஞ்சும்படி செய்யும் சைகையே போதும். ஓங்கிய முஷ்டி போதும், கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்கத் தொடங்கினால் போதும். கை மேலே பட்டுவிட்டால் அதற்கு வேறு பெயர். வெறும் வார்த்தை அசால்ட் ஆகாது, ஆனால் வார்த்தை சைகைக்குப் பொருள் தரலாம் என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். தடியை எடுப்பது மட்டும் குற்றமில்லாமல் இருக்கலாம். எடுத்துக்கொண்டே ‘உன்னை அடிக்கப் போகிறேன்’ என்றால் கதை வேறு.

சாதாரண ஹர்ட்டுக்கும் ‘கிரீவஸ் ஹர்ட்’டுக்கும் நடுவே போட்ட கோட்டில் எண்ணே வந்துவிட்டது. எட்டு வகைக் கொடுங்காயங்களில் கண், காது, எலும்பு, பல் என்று பட்டியல் போகிறது. கடைசி வகையில், அடிபட்டவர் 20 நாட்கள் கடும் வலியில் கிடந்தாலோ தம் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். அரசு மருத்துவமனையில் காயச் சான்றிதழ் எழுதும் டாக்டர் ‘சிம்பிள்’ என்று எழுதுகிறாரா, ‘கிரீவஸ்’ என்று எழுதுகிறாரா என்பதற்காக இரு தரப்பு ஆட்களும் வாசலில் காத்திருப்பதை நீதிமன்றச் செய்தி சேகரிப்பவர்கள் அறிவார்கள்.

இதுவரை சொன்னவை கோடு நின்ற இடங்கள். காரணம், ஒவ்வொன்றிலும் கண்ணால் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது: காளை நகர்ந்தது, ஐந்தாவது ஆள் நின்றான், பிள்ளை எதிரே இருந்தது, இருபதாவது நாள் வந்தது. கொலையில்தான் இந்த முறை சறுக்கியது.

‘மர்டர்’ பழைய ஆங்கிலச் சொல். வேரைத் தேடிப் போனால் ஒளிந்து செய்யும் கொலை என்ற பொருள் கிடைக்கும். நார்மானியர் ஆட்சியில் அது ஓர் அபராதத்தின் பெயராகவும் இருந்தது. எங்காவது பிணம் கிடந்து, கொன்றவன் பிடிபடாவிட்டால், செத்தவன் நார்மானியன் என்றே கொள்வார்கள். இல்லை, ஆங்கிலேயன்தான் என்று அந்த வட்டாரத்தார் நிரூபிக்காவிட்டால் எல்லோரும் சேர்ந்து அபராதம் கட்ட வேண்டும். 1340இல் இந்த அபராதம் ஒழிந்தது. பிறகு இங்கிலாந்து நீதிமன்றங்கள் முன்கூட்டியே வைத்த வன்மம் உள்ள கொலை மர்டர், மற்றது ‘மேன்ஸ்லாட்டர்’ என்று பிரித்தன. ஒளிவும் அபராதமும் சொல்லைவிட்டுப் போய்விட்டன. வேரை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தச் சொல்லின் இன்றைய பொருளைச் சொல்ல முயன்றால் நகைப்புக்கிடமாகும்.

இந்திய சட்டம் மேன்ஸ்லாட்டரை விட்டுவிட்டு ‘கல்பபிள் ஹோமிசைட்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. இந்தப் பெயர் ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் உண்டு. அங்கே அது கொலையின் அளவுக்குப் போகாத மனிதக்கொலையை மட்டும் குறிக்கும். இங்கே அது பெரிய வட்டம். 299ஆம் பிரிவு அந்த வட்டத்தை வரைகிறது. 300ஆம் பிரிவு அதற்குள் மர்டர் என்ற சின்ன வட்டத்தை வரைகிறது. தொல்லை அந்த உள்வட்டத்தின் கோட்டில்தான். மரணம் விளைவிக்க ‘லைக்லி’யான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினால் வெளிவட்டம். இயற்கையான போக்கில் மரணம் விளைவிக்க ‘சஃபிஷியன்ட்’டான காயம் என்றால் உள்வட்டம். மரணம் நேரக்கூடிய காயம், மரணத்துக்குப் போதுமான காயம். இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம்?

பக்கத்துச் சொற்கள் இரண்டைப் பிரிக்க, இன்னும் இரண்டு பக்கத்துச் சொற்களைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் இங்கே நடந்தது. உதாரணங்கள் இல்லாமல் இல்லை. நோயாளி என்று தெரிந்தே ஒருவனை அடித்துக் கொன்றால் மர்டர், நோய் தெரியாமல், நல்ல உடம்புக்காரனைக் கொல்லாத அடியை அடித்து அவன் செத்தால் மர்டர் இல்லை என்ற உதாரணம் நன்றாகவே வேலை செய்கிறது. ஏனென்றால் தெரிந்ததா, தெரியாததா என்பதைக் கேட்டு அறிய வழி உண்டு. பீரங்கியைக் கூட்டத்துக்குள் வெடித்தால் மர்டர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரப்போவதில்லை. அது கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும் காட்சி. மிக முக்கியமான கோட்டுக்குத் தந்த உதாரணமோ, இயற்கையான போக்கில் மரணத்துக்குப் போதுமான வாள்வெட்டு என்று வரையறையின் சொற்களையே திரும்பச் சொல்கிறது. காளை மாதிரி, கடிகாரம் மாதிரி ஒரு காட்சி அங்கே இல்லை.

இந்தியாவில் சட்ட உறுப்பினராக இருந்தவரும் இந்தச் சட்டத்தைப் பெரிதும் மெச்சியவருமான ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனே, 1883இல் வெளியான தம் குற்றவியல் வரலாற்று நூலில், மனிதக்கொலை பற்றிய இந்த வரையறைகளைச் சட்டத்தின் பலவீனமான பகுதி என்று எழுதினார். அதற்கு முன்பே நீதிமன்றங்கள் திணறத் தொடங்கிவிட்டன. 1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பதினெட்டு வயதுக் கணவன் பதினைந்து வயது மனைவியைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, முகத்தில் முஷ்டியால் ஓங்கி இரண்டு மூன்று குத்து விட்டான். மூளையில் ரத்தம் கசிந்து அவள் இறந்துபோனாள். நீதிபதி மெல்வில் இரண்டு பிரிவுகளையும் பக்கம் பக்கமாக இரண்டு பத்திகளில் எழுதி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்த்தார். கொல்லும் எண்ணம் இல்லை; காயம் இயற்கையான போக்கில் மரணத்துக்குப் போதுமானதும் இல்லை; ஆகவே மர்டர் இல்லை என்று முடித்தார். அந்த இரண்டு பத்தி ஒப்பீட்டைச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

1958இல் உச்ச நீதிமன்றத்தில் விர்சா சிங் வழக்கு. வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக் குத்து. கொல்ல வேண்டும் என்று நினைத்தானா, பலத்த காயம் உண்டாக்க வேண்டும் என்று நினைத்தானா என்று வாதம் நடந்தது. நீதிபதி விவியன் போஸ் கேள்வியை இரண்டாக வெட்டினார். உடம்பில் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட காயத்தைத்தான் அவன் ஏற்படுத்த எண்ணினானா? இது அவன் மனம் சம்பந்தப்பட்டது. அந்தக் காயம் மரணத்துக்குப் போதுமானதா? இதற்கும் அவன் மனதுக்கும் சம்பந்தமில்லை, மருத்துவம் சொல்லட்டும். ஈட்டிக் குத்து மர்டர் ஆயிற்று. 1976இல் புன்னய்யா வழக்கில் நீதிபதி சர்க்காரியா மீண்டும் ஒருமுறை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஒன்று பேரினம், மற்றது அதன் உள்ளினம் என்றும், குற்றத்தின் கனத்தில் மூன்று படிகள் என்றும் வகுத்தார். சட்டம் வந்து நூற்றுப் பதினாறு வருடங்களுக்குப் பிறகும் இரண்டு சொற்களின் வித்தியாசத்தை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

நடைமுறையில் இந்தச் சுமை கடைசியில் டாக்டர் தலையில் விழுகிறது. பிரேதப் பரிசோதனை செய்தவரைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தி, காயம் மரணத்தை விளைவிக்கக் கூடியதா, இயற்கையான போக்கில் விளைவிக்கப் போதுமானதா என்று கேட்கிறார்கள். மருத்துவக் கல்லூரியில் அவர் படித்தது காயத்தின் ஆழமும் குடலின் சேதமும். இரண்டு ஆங்கிலச் சொற்களில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கிறார். ஒன்றைச் சொன்னால் தூக்கு அல்லது ஆயுள் தண்டனைக்குரிய பிரிவு நிற்கும். மற்றதைச் சொன்னால் பத்து வருடம், அதற்கும் குறைவு என்று வாதாட வழி திறக்கும்.

மனதின் நிலையைச் சொல்லும் சொற்களிலும் இதே சிக்கல். ‘டிஸ்ஆனஸ்ட்லி’ என்பதற்குச் சட்டம் தெளிவான வரையறை தருகிறது: ஒருவருக்கு முறையற்ற லாபமோ மற்றவருக்கு முறையற்ற நஷ்டமோ உண்டாக்கும் எண்ணம். அடுத்த பிரிவில் ‘ஃபிராடுலன்ட்லி’ என்றால் ‘டிஃப்ராட்’ செய்யும் எண்ணம், வேறெதுவுமில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஜான்சனின் அகராதி போலவே ஒரு வட்டம். டெல்லியில் ஒரு பெண் டாக்டர் ஓர் ஆஸ்டின் கார் வாங்கினார். பணம் அவருடையது, காரை மட்டும் ஆறு மாதக் கைக்குழந்தையான மகளின் பெயரில் பதிவு செய்தார். இன்ஷூரன்ஸ் தாள்களில் மகளின் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு, விபத்து நஷ்டஈடும் வாங்கினார். போலி ஆவண வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொய் இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொய்யால் அவருக்கு ஒரு காசு லாபமில்லை, கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. சொந்தப் பெயரில் கேட்டிருந்தாலும் அதே தொகை கிடைத்திருக்கும். ஏமாற்றுவது மட்டும் ‘ஃபிராட்’ ஆகாது, ஏமாற்றோடு ஏதாவது ஒரு கேடும் சேர வேண்டும், அது பணக்கேடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று நீதிபதி சுப்பா ராவ் எழுதிய தீர்ப்பு அந்த டாக்டரை விடுவித்தது. சட்டம் வரையாமல் விட்ட கோட்டை ஒரு கார் வரைந்து கொடுத்தது.

சட்டம் விட்ட கோட்டை வரைந்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. ‘கிட்நாப்’ என்ற சொல் 17ஆம் நூற்றாண்டில், அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வேலைக்கு அனுப்பப் பிள்ளைகளைத் திருடியவர்களால் வழக்குக்கு வந்தது. தண்டனைச் சட்டத்தில் அது ‘அப்டக்ஷன்’ என்பதிலிருந்து கவனமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பலத்தாலோ வஞ்சகத்தாலோ எந்த வயதினரையும் ஓரிடத்திலிருந்து போகச் செய்வது அப்டக்ஷன். காப்பாளரிடமிருந்து வயது வராதவரை அழைத்துப் போவது கிட்நாப்பிங். பிள்ளையின் சம்மதம் கணக்கில் வராது. ஆனால் ‘அழைத்துப் போவது’ என்றால் என்ன? சட்டத்தின் சொல் ‘டேக்’.

1960இல் ஒரு கல்லூரி மாணவி, பதினெட்டு நிறைய ஓரிரு மாதங்களே இருந்த நிலையில், காதலை அறிந்த தந்தையால் கோடம்பாக்கத்து உறவினர் வீட்டில் விடப்பட்டார். மறுநாள் காலையில் அவரே வெளியே வந்து, தான் காதலித்த வாலிபருக்குப் போன் செய்து, இன்ன தெருவுக்கு வரச் சொன்னார். கார் வந்தது. கடைக்குப் போய்த் திருமாங்கல்யமும் குண்டும் வாங்கினார்கள். ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் போனார்கள். கீழ் நீதிமன்றம் வாலிபரைக் குற்றவாளி என்றது, சென்னை உயர் நீதிமன்றம் ஆமோதித்தது. 1964இல் உச்ச நீதிமன்றம், வரதராஜன் எதிர் மதராஸ் மாநிலம் என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும் தீர்ப்பில், அழைத்துப் போவது வேறு, கூட வர விடுவது வேறு என்று பிரித்தது. விவரம் தெரிந்த வயதில் ஒரு பெண் தானாகவே வீட்டைவிட்டு வந்து சேர்ந்துகொண்டால், அவரைத் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை என்பதற்காக அது ‘டேக்’ ஆகிவிடாது. நீதிபதி முதோல்கரின் இந்தப் பிரிவினை மெக்காலேயின் காட்சிகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. யார் போன் செய்தது, யார் வரச் சொன்னது என்று சாட்சியைக் கேட்டு முடிவு செய்துவிட முடிகிறது. காதல் விவகாரங்களில் பெற்றோர் தரும் கடத்தல் புகார்களில் வக்கீல்கள் இன்றைக்கும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. செயின் பறிப்பு திருட்டா ராபரியா என்று இழுபறியாக இருந்த இடத்தில் ‘ஸ்நாட்சிங்’ என்று தனிப் பிரிவு போட்டிருக்கிறார்கள். கொடுங்காயத்துக்கான 20 நாட்கள் 15 ஆகக் குறைந்திருக்கின்றன. ‘ஏ’யும் ‘இசட்’டும் தங்கள் காளை, கடிகாரம் எல்லாவற்றோடும் புதிய சட்டத்துக்குக் குடிவந்துவிட்டார்கள், அது நல்லதே. ஆனால் 140 வருடங்களுக்கு முன்பே ஸ்டீபன் பலவீனம் என்று சுட்டிய வரையறைகளைத் திருத்தக் கிடைத்த வாய்ப்பைக் கைநழுவ விட்டிருக்கிறார்கள். 299 இப்போது 100, 300 இப்போது 101. ‘லைக்லி’யும் ‘சஃபிஷியன்ட்’டும் உள்ளே அப்படியே இருக்கின்றன.